மேலே ஒரு கணக்கு, கீழே ஒரு கணக்கு

ஜூன் மாதம் ஷெட்லாண்டில் இரவு என்று ஒன்று வருவதில்லை.
சாம்பல் நிறத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு
பகல் மறுபடி உட்கார்ந்துகொள்ளும்.
அந்த வெளிச்சத்தில்தான் நானும் மேக்னியும்
வருடத்துக்கு மூன்று நாள் சந்திக்கிறோம்,
பறவை எண்ண.

மணவிலக்கு ஆகி ஆறு வருடம்.
தன்னார்வலர் பட்டியலில் எங்கள் பெயர்களை
யாரும் பிரித்து எழுதவில்லை.

நான் மேலே நடப்பேன்.
ஆட்டு வேலியைத் தாண்டி, புல்லின் விளிம்பில்,
முழங்காலுக்கு ஒரு பட்டியைக் கட்டிக்கொண்டு.
நடப்பதில் ஒரு சௌகரியம்: நின்றால் நின்றதுதான்.
பென்சில் சீவலாம். தெர்மாஸ் திறக்கலாம்.
ஒரே பாறைத் திட்டை மூன்று முறை எண்ணலாம்.
காற்று மட்டும் நோட்டின் பக்கத்தைத்
தானாகப் புரட்டும்.

அவன் கீழே, மஞ்சள் கயாக்கில்.
இங்கிருந்து பார்த்தால்
யாரோ தவறவிட்ட எலுமிச்சைத் தோல்.
அவனால் நிற்க முடியாது.
எண்ணத் தொடங்கியது ஓரிடம், முடிப்பது வேறிடம்.
ஆனால் நான் பார்க்காத அறைகளுக்குள் போய்வந்தவன்:
பாறையின் அடிவயிற்றில் குகைகள்,
நீர் வற்றும்போது மட்டும் திறக்கும் ஒரு வளைவு.
உள்ளே ஒரு சீல் குட்டி தும்மியது என்று ஒருமுறை சொன்னான்.
நம்பவில்லை.
அந்த வருடம் நான் எதையுமே நம்பவில்லை.

சாயங்காலம் படகுக் கொட்டகையில்
தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம்.
நான்: கில்லிமாட், இருநூற்றுப் பதினேழு.
அவன்: முந்நூற்று நாற்பது.
என் காலுக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தவை
என் கணக்கில் வருவதே இல்லை.
லெர்விக் அலுவலகத்தின் படிவத்திலோ ஒரே ஒரு கட்டம்.
அந்தக் கட்டத்துக்காக
எங்கள் திருமணத்தை வருடாவருடம்
இன்னொரு முறை நடத்துகிறோம்.

இந்த ஜூனில் முழங்கால் முற்றாக மறுத்துவிட்டது.
"நீ தண்ணீரில் போ" என்றான்.
"அலை சோம்பலாக இருக்கிறது,
காற்று மதியத்துக்கு மேல்தான் வரும்."
லைஃப் ஜாக்கெட்டின் பட்டையை மாட்டிவிட்டு
இரண்டு முறை இழுத்துப் பார்த்தான்,
எங்கள் வீட்டுக் கதவைப் பூட்டியதும்
இழுத்துப் பார்ப்பானே, அதே மாதிரி.

தண்ணீரிலிருந்து இந்தக் கரை வேறு ஊர்.
மேலே புல், ஆட்டுப் புழுக்கை, ஈரக் கம்பளி வாசம்.
கீழே மீன் கவிச்சி, எச்சத்தின் காரம்,
பாறை விடும் குளிர்மூச்சு முகத்தில் படுகிறது.
ஆயிரம் தொண்டைகள்
ஒரே வழக்கை ஒரே நேரத்தில் வாதாடுகின்றன.
துடுப்பை நிறுத்தினால் கடல் தொடங்குகிறது:
யாரோ மேஜையை நகர்த்துவதுபோல்
பேச்சில்லாமல் என்னை நகர்த்துகிறது.
நூற்று எட்டு, நூற்று ஒன்பது,
நூற்று...
மறுபடி முதலிலிருந்து.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

பதினோரு வருடம் நான் நடந்த பாதை
பாதை இல்லை.
புல்லின் உதடு.
அடியில் மண் இல்லை, கல் இல்லை.
வேர்கள் காற்றில் தொங்குகின்றன,
பிரிந்த ஸ்வெட்டரின் நூல்போல.
நான் உட்கார்ந்து தேநீர் குடிக்கும் இடத்துக்கு நேர் கீழே
தரையே இல்லாத ஒரு பெரிய கூடம்,
பறவைகள் அதற்குள் போவதும் வருவதுமாக.

ஒவ்வொரு ஜூனிலும் அவன் இதைப் பார்த்திருக்கிறான்.
"கொஞ்சம் உள்ளே தள்ளி நட" என்று
ஒவ்வொரு ஜூனிலும் சொல்லியிருக்கிறான்.
அதிகாரம் பண்ணுகிறான் என்று
இன்னும் ஓரமாக நடந்திருக்கிறேன்.

இப்போது மேலே அவன்.
என் நோட்டு, என் பென்சில்.
கீழிருந்து அறிந்தவனுக்கு
மேலே அது எந்த இடம் என்று தெரியவில்லை.
புல் எங்கும் ஒரே பச்சை.

துடுப்பைத் தூக்கிக் கத்தினேன்.
காற்றும் பறவைகளும் அதைப் பங்குபோட்டுக்கொண்டன.
அவன் நின்றான். குனிந்து தேடினான். பார்த்துவிட்டான்.
நான் கையசைக்கிறேன் என்று நினைத்து
தொப்பியைக் கழற்றி
சந்தோஷமாகப் பதிலுக்கு ஆட்டினான்,
இன்னும் ஓர் அடி முன்னால் வந்து.